தரையிலே பதித்த திரிகைக் கற்கள்



'அரைத்த மாவையே அரைத்தல்' என்று ஒரு மரபுத்தொடர் நமது மொழியில் உண்டு. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வோரைக் குறித்து இதனைப் பயன்படுத்துகிறோம். சில மாதங்களுக்கு முன்னர், நான் கற்பிக்கும் இந்துக் கல்லூரியின் பத்தாந் தர வகுப்பிலே இத்தொடரை விளக்க முற்பட்டேன். விளக்கத்தின் நடுவே திரிகை என்ற சொல் வந்தது. வகுப்பிலிருந்த மாணவர்களில் இரண்டொருவர் அதனைப் பாட்டி வீட்டு மூலையிலே கண்டிருக்கிறார்கள். அதனைச் சுற்றிப் பார்த்தவர் எவருமில்லை. கரும்பலகையிலே படம் வரைந்து காட்டினேன். கீழ்க்கல் அசையாது, மேற்கல் சுழலும், மேற்கல்லின் நடுவிலுள்ள குழியிலே தானியத்தைப் பிடி பிடியாக இடவேண்டும், விளிம்பருகே ஒரு மரப்பிடி இருக்கும் என்றெல்லாம் சொல்லி முடித்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"சேர், மில்லிலை குடுத்தால் பத்து நிமிசத்திலை அரைச்சுத் தருவினம். பிறகேன் அந்தக் காலத்து ஆக்கள் கையாலை அரைச்சுக் கஷ்டப்பட்டவை?"

அந்தக் காலத்தில் மில் இல்லை என்று சொல்லி அவனை இருத்தியிருக்கலாம். அந்த விடை முழுமையானதன்று என்பது எனக்குத் தெரியும். மில் பக்கத்திலேயே இருந்தும், வீட்டிலே கையால் அரைப்பதற்காகவே வழக்காடி, அடிபட்டு, ஈற்றில் தூக்குமரம் வரை சென்ற ஒரு நகரத்து மக்களின் கதை வரலாற்றிலே உண்டு. மறுநாள் அந்தக் கதையையே வகுப்பிலே சொன்னேன். இன்று உங்களோடும் அதனைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தானியத்தைக் கல்லில் இட்டு மாவாக்குவது மனிதகுலத்தின் மிகப் பழைய வேலைகளுள் ஒன்று. பெரும்பாலான நாடுகளிலே அது பெண்களுக்கும் அடிமைகளுக்கும் உரிய வேலையாகவே இருந்து வந்தது. ஹோமரின் ஒடிசி காவியத்தின் 20 ஆம் படலத்திலே, அரசனின் மாளிகையில் பன்னிரண்டு பெண்கள் மா அரைக்கின்றனர். மற்றவர்கள் தத்தம் பங்கை முடித்து உறங்கிவிட, உடல் வலுவற்ற ஒருத்தி மாத்திரம் இன்னும் கல்லைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலே, உபாகமம் 24 ஆம் அதிகாரத்தில், திரிகைக் கல்லை எவரும் ஈடாக வாங்கலாகாது என்று ஒரு விதி காணப்படுகிறது. கல்லை ஈடு வாங்குவது உயிரையே ஈடு வாங்குவதற்கு ஒப்பாகும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். கடன் பட்டவனிடம் எதை எடுத்தாலும் எடு, அடுத்த வேளை உணவை ஆக்கும் கருவியை எடுக்காதே என்பதே இதன் உட்பொருள். இந்த விதியை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். இக்கதைக்குள் பின்னர் வரப்போகும் மடத்துத் துறவிகள் நாள்தோறும் அந்த நூலைப் படித்தவர்கள்.

ஓடும் நீரின் விசையாற் சக்கரத்தைச் சுழற்றி, அதனாற் கல்லைச் சுற்றுவிக்கும் ஆலையை உரோமர் அறிந்திருந்தனர். கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த விட்ருவியஸ் என்ற கட்டடக் கலைஞர் அதன் அமைப்பை விவரித்துள்ளார். அரைக்கும் பெண்களுக்கு அது விடுதலை தந்ததாகக் கிரேக்கக் கவிஞர் அந்திபாட்டர் பாடினார். அடுத்த ஆயிரம் ஆண்டுகளிலே இந்நீராலை ஐரோப்பா எங்கும் பரவியது. இங்கிலாந்தின் நிலபுலன்களைக் கணக்கெடுத்து 1086 ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட 'டூம்ஸ்டே' ஏட்டிலே ஏறத்தாழ 6,000 ஆலைகள் பதிவாகியுள்ளன.

இவ்வளவு நல்ல பொறி ஒன்று ஊருக்கு வந்தால் மக்கள் மகிழ்ந்துதானே இருப்பார்கள் என்று நாம் எண்ணலாம். மகிழ முடியாமற் போனமைக்குக் காரணம் உண்டு. ஆற்றை மறித்து அணை கட்டவும், வாய்க்கால் வெட்டவும், பெரிய கற்களைத் தருவிக்கவும் பெரும் பொருள் வேண்டும். ஆறும் கரையும் நிலப்பிரபுவுக்கு உரியவை. ஆகவே ஆலையும் அவருக்கே உரியதாயிற்று. செலவழித்த பணத்தை மீட்கவும் மேலும் ஈட்டவும் அவர் ஒரு விதியைக் கைக்கொண்டார். தமது ஆட்சிக்கு உட்பட்ட குடிகள் தமது ஆலையிலேதான் அரைக்க வேண்டும், அரைகூலியாகத் தானியத்தில் ஒரு பங்கைத் தரவேண்டும் என்பதே அவ்விதி. சில இடங்களில் இருபதில் ஒரு பங்கு, சில இடங்களில் பதினாறில் ஒரு பங்கு என்று அது வேறுபட்டது. ஆலைக்காரன் தன் பங்குக்கு அளவிலே கை வைப்பதும் உண்டு. ஆங்கிலக் கவிஞர் சோசர் தமது கன்ரபரிக் கதைகளிலே படைத்த ஆலைக்காரர் இருவரும் தானியம் திருடுவதிலே கைதேர்ந்தவர்கள் என்பதை ஆங்கில இலக்கியம் கற்றோர் அறிவர். அக்காலத்து வாசகர் அதனைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்திருப்பர். ஆனால் வீட்டிலே பாண் சுட மா வேண்டியிருந்த குடும்பத்துக்கு அது சிரிக்கும் விடயமன்று.

இந்நிலையில் ஏழையின் வீட்டு மூலையிலிருந்த கைத்திரிகை பிரபுவின் வருமானத்துக்கு எதிரியாகிவிட்டது. அதைச் சுற்றும்போது எழும் ஓசைகூடக் குற்றத்தின் சாட்சியாக மாறியது. சில ஊர்களிலே பணம் வாங்கிக்கொண்டு கைத்திரிகைக்கு அனுமதி கொடுத்தார்கள். சில ஊர்களிலே தேடிப் பிடித்து உடைத்தார்கள்.

இங்கிலாந்தின் தலைநகரான லண்டனுக்கு வடக்கே, ஏறத்தாழ 20 மைல் தொலைவிலே சென்ற் அல்பன்ஸ் என்ற நகரம் உள்ளது. அங்கே பெனடிக்ற் சபைத் துறவிகளின் புகழ்பெற்ற மடம் ஒன்று இருந்தது. மேர்சியா நாட்டு அரசன் ஒஃபா எட்டாம் நூற்றாண்டிலே அதனை நிறுவினான் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. நகரமும் சந்தையும் ஆலைகளும் மடத்துக்கே சொந்தம். நகர மக்களோ தாங்கள் அரசனின் பட்டயம் பெற்ற சுதந்திரக் குடிகள் என்று கூறிக்கொண்டனர். இவ்விரு நிலைப்பாடுகளுக்கும் இடையே எழுந்த வழக்குகள் பல. அவற்றுள் நீண்டது திரிகை வழக்கு.

1274 ஆம் ஆண்டிலே வழக்கு உச்சம் அடைந்தது. வீட்டிலே அரைப்பதையும், துணியை வீட்டிலே மிதித்துத் தோய்த்து இறுக்குவதையும் மடாதிபதி றோஜர் தடுத்தார். மக்கள் தமக்குள் பணம் சேர்த்து நீதிமன்றஞ் சென்றனர். அக்காலத்திலே முதலாம் எட்வேர்ட் மன்னனின் தேவி எலினோர் நகருக்கு வந்தாள். நகரத்துப் பெண்கள் திரண்டு சென்று அவளிடம் முறையிட்டனர். இந்த நீண்ட வரலாற்றிலே பெண்கள் முன்னணியில் நிற்பதாக நாம் காணும் இடம் இதுவே. கல்லைச் சுற்றிய கைகள் அவர்களுடையவை என்பதை எண்ணும்போது அவர்கள் அங்கே நின்றமை வியப்பன்று. முறைப்பாட்டினாற் பயன் கிட்டவில்லை. வழக்கிலே மடமே வென்றது.

அடுத்த அரை நூற்றாண்டு புகைந்துகொண்டிருந்தது. இரண்டாம் எட்வேர்ட் மன்னனின் ஆட்சி கவிழ்ந்த காலத்தில், 1326 இன் இறுதியிலும் 1327 இன் தொடக்கத்திலும், நகர மக்கள் கிளர்ந்தெழுந்து மடத்தை முற்றுகையிட்டனர். மடாதிபதி இறங்கி வந்து அவர்களுக்குச் சலுகைப் பட்டயம் வழங்க நேர்ந்தது. உடனடியாக வீடுகளிலே திரிகைகள் நிலைகொண்டன. ஏறத்தாழ 80 திரிகைகள் அந்நகரிலே சுழன்றன. அந்தச் சில ஆண்டுகளிலே அவ்வீடுகளுக்குள் கோதுமையும் றையும் கலந்து அரைபட்டிருக்கும், பாணும் வெந்திருக்கும். தானியத்தில் ஒரு பிடியேனும் வெளியே போகவில்லை.

இந்த இடத்திலேதான் கதைக்குள் ஒரு வியத்தகு மனிதர் நுழைகிறார். 1327 ஆம் ஆண்டில் மடாதிபதியாகத் தெரிவான அவர் பெயர் ரிச்சார்ட். வாலிங்போர்ட் என்ற ஊரிலே ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். பத்து வயதளவில் தந்தையை இழந்து, துறவி ஒருவரின் ஆதரவிலே வளர்ந்து, ஒக்ஸ்போர்ட்டிலே கற்றவர். கணிதத்திலும் வானியலிலும் அக்காலத்து ஆங்கில நாட்டில் அவருக்கு இணையானவர் இல்லை எனலாம். கோள்களின் நிலையைக் கணிக்க 'அல்பியன்' என்ற கருவியை அமைத்தார். மடத்துக்கென்று ஒரு பெரிய மணிக்கூட்டைத் திட்டமிட்டார். நேரத்தை மாத்திரமன்றி, ஞாயிறு, திங்கள் ஆகியவற்றின் இயக்கத்தையும், லண்டன் பாலத்தடியில் நீர் ஏறி வற்றும் வேளையையும் அது காட்டியது. கோவில் இடிந்து கிடக்க மணிக்கூட்டுக்கு இவ்வளவு செலவா என்று மூன்றாம் எட்வேர்ட் மன்னன் கேட்டபோது, கோவிலைக் கட்டப் பின்னால் வருவோரால் முடியும், இந்த மணிக்கூட்டை முடிக்க வேறெவராலும் முடியாது என்று அவர் மறுமொழி சொன்னதாக மடத்துக் குறிப்புக் கூறும். அவரை அப்போதே தொழுநோய் பற்றியிருந்தது. 1336 ஆம் ஆண்டு காலமானார். மணிக்கூடு அதன் பின்னரே முழுமை பெற்றது.

கொல்லரின் மகன், சக்கரங்களின் இரகசியம் அறிந்தவர், நோயின் வேதனை கண்டவர். இத்தகைய ஒருவர் ஏழையின் கல்லுக்கு இரங்குவார் என்று நாம் எதிர்பார்ப்போம். நடந்தது வேறு. மடத்தின் உரிமைகளை மீட்பதைத் தமது கடமையாக அவர் கொண்டார். வழக்கு மேல் வழக்காகத் தொடுத்து மக்களைத் தளரச் செய்தார். 1331 ஆம் ஆண்டளவில் நகர மக்கள் பணிந்தனர். பட்டயத்தைத் திருப்பிக் கொடுத்தனர். வீடு வீடாகத் திரிகைகளைக் கொண்டுவந்து மடத்திலே ஒப்படைத்தனர். அந்தக் கற்களைக் கொண்டு மடத்தின் பேச்சுக்கூடத்துத் தரை பாவப்பட்டது. அவற்றை உடைத்து எறிந்திருக்கலாம், விற்றிருக்கலாம். எனினும் பேச்சுக்கூடத் தரையே அவற்றுக்குரிய இடமெனத் தெரிந்தெடுக்கப்பட்டது. துறவிகள் வெளியாருடன் உரையாடும் கூடம் அது. அலுவலாக அங்கு வரும் நகரத்தவன் ஒவ்வொருவனும் தன் வீட்டுக் கல்லை மிதித்துக்கொண்டே உள்ளே நுழைய வேண்டும். தோற்றவர்களுக்கு நாள்தோறும் அவர்களின் தோல்வியை நினைவூட்டும் ஏற்பாடு இது.

ஏறத்தாழ 50 ஆண்டுகள் அக்கற்கள் அங்கே கிடந்தன. அவற்றைச் சுற்றியவர்களிற் பெரும்பாலோர் இறந்திருப்பர். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆலைக்குத் தானியம் சுமந்தனர்.

1381 ஆம் ஆண்டு வந்தது. தலைவரியின் சுமை தாங்காது இங்கிலாந்தின் குடியானவர் எழுச்சி வெடித்தது. வாட் டைலர் தலைமையிலே கிராமத்தவர் லண்டனுள் புகுந்தனர். சென்ற் அல்பன்ஸ் மக்களுக்கு வில்லியம் கிறைன்ட்கொப் என்பவர் தலைமை தாங்கினார். அவர் லண்டனுக்குச் சென்று திரும்பியதும், யூன் மாதம் 15 ஆம் திகதி, மக்கள் மடத்துக்குள் நுழைந்தனர். சிறைச்சாலையைத் திறந்தனர். மடத்தின் பழைய ஆவணங்களைச் சந்தையிலே தீயிட்டனர். ஒஃபா மன்னன் பொன்னிறத்திலும் நீலநிறத்திலும் முதலெழுத்துகள் இட்டுத் தங்களுக்கு ஒரு பட்டயம் தந்தான், அது எங்கே என்று மடாதிபதியிடம் கேட்டனர். அத்தகைய பட்டயம் மடத்தில் இல்லை. எனினும், தங்கள் உரிமை எங்கோ ஓர் ஏட்டிலே பொன்னெழுத்தாற் பொறிக்கப்பட்டுள்ளது என்று எழுதப் படிக்கத் தெரியாத அந்த மக்கள் பலர் நம்பியிருந்தார்கள் என்பது என் போன்ற மொழியாசிரியன் ஒருவனை நின்று நினைக்க வைக்கிறது.

பின்னர் அவர்கள் பேச்சுக்கூடத்துக்குச் சென்றனர். தரையிலே பதிந்திருந்த திரிகைக் கற்களைத் தோண்டி எடுத்து வெளியே கொண்டுவந்தனர். கற்களை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுசென்று மா அரைக்கவில்லை. சிறு சிறு துண்டுகளாக உடைத்து ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுக்கொண்டனர். ஞாயிற்றுக்கிழமைகளிலே ஊர்க்கோவில்களில் ஆசீர்வதித்த அப்பத்தைப் பிட்டு வழங்குவது போல அவர்கள் அதைச் செய்தனர் என்று அந்நிகழ்ச்சியை எழுதி வைத்தவர் கூறுகிறார்.

எழுதி வைத்தவர் யார் என்பது இங்கு நோக்கத்தக்கது. அவர் தோமஸ் வால்சிங்கம், அந்த மடத்தின் துறவி. கிளர்ச்சிக்காரர்களைச் சிறிதும் விரும்பாதவர். அவர்களைப் பற்றி எழுதும்போது அவருடைய பேனாவிலே வெறுப்பு வழிகிறது. ஆயினும், கல்லுடைத்துப் பங்கிட்ட அந்தக் காட்சிக்கு அவருக்குக் கிடைத்த உவமை புனித அப்பமே. இகழ்வதற்காகவே அவர் அவ்வுவமையைக் கையாண்டிருக்கலாம். ஆனால் நல்ல உவமை சிலவேளை எழுதியவனின் நோக்கத்தை மீறிவிடும். அம்மக்களுக்கு அக்கல் உண்மையிலேயே அப்பந்தான். அவர்களுடைய முந்தையரின் மாவை அரைத்த கல் அது.

எழுச்சியின் முடிவு நாம் அறிந்ததே. அதே யூன் 15 ஆம் திகதி வாட் டைலர் லண்டனிலே கொல்லப்பட்டார். யூலை மாதத்தில் இளம் மன்னன் இரண்டாம் ரிச்சார்ட் தானே சென்ற் அல்பன்சுக்கு வந்தான். புதிய பட்டயங்கள் செல்லாதவையாயின. கிறைன்ட்கொப் பிணையில் விடப்பட்டார். நகர மக்களிடம் பட்டயத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி அவர் சொல்வார் என்பது அதிகாரிகளின் எதிர்பார்ப்பு. அவரோ தமது உயிருக்காக அவர்கள் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்றே சொன்னார். யூலை 15 ஆம் திகதி அவர் தூக்கிலிடப்பட்டார். அதே நாளில் அதே நகரிலே, எழுச்சியின் போதகராகிய ஜோன் போல் என்ற பாதிரியாரும் கொல்லப்பட்டார். மடத்தின் உரிமை மீண்டும் நிலைபெற்றது. 1539 ஆம் ஆண்டு எட்டாம் ஹென்றி மன்னனின் ஆட்சியிலே மடம் கலைக்கப்படும் வரை அது நின்றது. 1553 ஆம் ஆண்டில் நகரம் அரச பட்டயம் பெற்றது. மடத்தின் கோவிலை 400 பவுண் கொடுத்து நகர மக்களே வாங்கிக்கொண்டனர்.

இந்தத் திரிகைக் கதையை இருபதாம் நூற்றாண்டின் வாசகர் முன் கொண்டுவந்தவர் மார்க் ப்ளொக் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர். நீராலையின் வரலாறு பற்றி 1935 ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரையிலே சென்ற் அல்பன்ஸ் சிறப்பிடம் பெறுகிறது. ஒரு பொறி நல்லது என்பதனால் மாத்திரம் அது பரவுவதில்லை, அது யாருடைய கையிலே இருக்கிறது, யாருக்கு வருமானம் தருகிறது என்பவற்றையும் பார்க்கவேண்டும் என்பது அவர் காட்டிய வழி. நீராலை பரவிய காலம், கைத்திரிகைத் தடையின் கடுமை ஆகியவை பற்றி அவர் கூறியவற்றுட் சிலவற்றைப் பிற்கால ஆய்வாளர் திருத்தியுள்ளனர். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி இன்றும் நிற்கிறது. ஜேர்மனியர் பிரான்சை ஆக்கிரமித்தபோது எதிர்ப்பியக்கத்திலே சேர்ந்த ப்ளொக், 1944 யூன் 16 ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார்.

கதையைச் சொல்லி முடித்ததும் அதே மாணவன் மீண்டும் எழுந்தான்.

"சேர், உங்கடை அம்மாவும் திரிகையிலை அரைச்சவ எண்டு சொன்னனீங்கள். அவவுக்கு எது விருப்பம்? கல்லோ, மில்லோ?"

பாடநூலிலே விடையில்லாத வினா அது. நான் என் இளமைக் காலத்துக்குச் செல்ல வேண்டியதாயிற்று.

1990 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலே மின்சாரம் நின்றது. எனக்கு அப்போது பத்து வயது. எரிபொருளும் அரிதாகியது. எங்கள் ஊர் மில்லின் கதவு மூடப்பட்டது. கோதுமை இந்நாட்டிலே விளைவதன்று, கப்பலிலே வரவேண்டும். 'அமெரிக்கன் மா' என்று என் பாட்டி கடைசி வரை சொல்லிவந்த அந்த மா வராத நாட்களிலே பாணும் இல்லை. அம்மா மாட்டுக்கொட்டிலின் மூலையிலே கிடந்த திரிகையைக் கழுவி எடுத்துவந்து குசினித் திண்ணையில் வைத்தார். குரக்கனும் பயறும் அதிலே அரைபட்டன. பின்னேரங்களில் நான் அவருக்கு எதிரே சப்பாணி கட்டியிருந்து, அதே பிடியைப் பற்றிக்கொண்டு சுற்றுவேன். விளையாடப் போகும் அவசரத்தில் கையைத் தளர்த்தினால், "தம்பி, கையை எடாதை. நீ விட்டால் எனக்குப் பாரம்" என்பார். அவருடைய உள்ளங்கையிலே காய்ப்பு ஏறியிருந்தது. இரவிலே அவர் தோளுக்கு நல்லெண்ணெய் பூசிக்கொள்வதைப் போத்தல் விளக்கின் ஒளியிலே கண்டிருக்கிறேன்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. சைக்கிளிலே ஏற்றத்தக்கவற்றையே கொண்டுபோனோம். திரிகையை யார் சுமப்பது? மறு ஆண்டு திரும்பி வந்தபோது கீழ்க்கல் குசினிக்குப் பின்னால் கிடந்தது. மேற்கல்லைக் காணவில்லை. இரண்டு நாட்களின் பின் கிணற்றடியிலே அதனைக் கண்டோம். இடையிலே அங்கு தங்கியிருந்தவர்கள், உடுப்புத் தோய்ப்பதற்காகவோ கால் வழுக்காமல் இருப்பதற்காகவோ அதனைக் கவிழ்த்து மண்ணிலே பதித்திருந்தார்கள். நான் அலவாங்கை எடுத்துக்கொண்டு அதைக் கிளப்பப் போனேன். அம்மா மறித்தார்.

"கிடக்கட்டும் ராசா. மில் திறந்திட்டாங்களாம். குரக்கனைக் கட்டித் தாறன், கொண்டுபோய் அரைச்சுக்கொண்டு வா."

அந்தக் குரலிலே இருந்த ஆறுதலை நான் மறக்கவில்லை. ஆகவே மாணவனுக்கு நான் உண்மையையே சொன்னேன். என் அம்மாவுக்கு விருப்பமானது மில்தான். கல்லைப் பற்றி அவர் ஒருநாளும் ஏக்கத்தோடு பேசியதில்லை. கைத்திரிகை மாவின் சுவையே தனி என்று இக்காலத்திலே சிலர் எழுதுவதை வாசித்துக் காட்டினால் அவர் சிரித்திருப்பார்.

அப்படியானால் சென்ற் அல்பன்ஸ் மக்களும் என் அம்மாவும் எதிரெதிர்ப் பக்கத்திலா நிற்கிறார்கள்? அப்படி நான் கருதவில்லை. அந்நகரத்துப் பெண்களுக்கும் தோள் வலித்திருக்கும். கல்லைச் சுற்றுவது இன்பமானது என்பதற்காக எவரும் தூக்குமரம் ஏறுவதில்லை. தங்கள் தானியத்தை எங்கே அரைப்பது என்பதைத் தாங்களே தீர்மானிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். அரைகூலி குறைந்து, அளவு நேர்மையாக இருந்து, ஆலைக்குப் போவதும் போகாததும் தங்கள் விருப்பமாக இருந்திருந்தால், அவர்களிற் பலர் தாமாகவே ஆலைக்குச் சென்றிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அவர்களிடமிருந்து கல் பறிக்கப்பட்டது. என் அம்மாவிடமிருந்து மில் பறிக்கப்பட்டது. இரண்டு இடத்திலும் மா வேண்டியவளிடம் எவரும் கேட்கவில்லை.

விருப்பத்தோடு கல்லைச் சுற்றியவர்களும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே, தென்னாபிரிக்காவின் ஜொகனஸ்பேர்க் நகரில் வாழ்ந்த காந்தியடிகள், கடைப் பாணை விடுத்து வீட்டிலேயே தவிடு நீக்காத மாவிற் பாண் சுடத் தீர்மானித்தார். அதற்காக இரும்புச் சக்கரம் பூட்டிய கைத்திரிகை ஒன்றை 7 பவுண் கொடுத்து வாங்கினார். ஒருவர் சுற்றுவது கடினம், இருவராயின் இலகு. அவரும் அவருடைய நண்பர் போலக்கும் பிள்ளைகளுமே வழக்கமாக அதனைச் சுற்றினர். கஸ்தூரிபாய் இடையிடையே கைகொடுத்தார், ஏனெனில் அந்நேரம் அவருக்குச் சமையல் வேலை இருந்தது. இதனைக் காந்தியடிகளே தமது சுயசரிதையில் எழுதியுள்ளார். கடைப் பாண் அங்கே தாராளமாகக் கிடைத்தது. அதனை விடுத்துக் கல்லைப் பிடிப்பது அவர்களுடைய சொந்தத் தெரிவு. ஹோமரின் காவியத்திலே விடியும்வரை அரைத்த அந்தப் பெண்ணுக்கு இல்லாதது அதுதான். ஆண்களும் பிள்ளைகளும் பிடியிலே கை வைத்தார்கள் என்பதும் சிறிய விடயமன்று.

வகுப்பு முடியும் மணி அடித்தது. மாணவர்கள் எழுந்து நின்றார்கள். பின்வரிசை மாணவன் வெளியே போகும்போது, தன் பாட்டி வீட்டுத் திரிகையை அடுத்த முறை போகும்போது சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொன்னான். "தனிய இருந்து சுத்தாதை, பாட்டியை முன்னாலை இருத்திக் கதை கேட்டுக்கொண்டு சுத்து" என்று சொல்லி அனுப்பினேன்.

அம்மா இப்போது இல்லை. கிணற்றடியிலே கவிழ்ந்து பதிந்த அந்த மேற்கல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் அதைக் கிளப்பவில்லை, அது அம்மாவின் சொல். ஆனால் இந்தக் கதையைப் படித்த நாள் முதலாக, தண்ணீர் அள்ளப் போகும்போது அதன் மேல் கால் வைக்காமல் விலகி நடந்து வருகிறேன்.